நான்காம் நாளே நுரை அடங்கிய இஞ்சி மது

கேள்வி:
வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலவறையில் ஒன்றரைக் கிலோ சீனியைக் கரைத்து, நசுக்கிய இஞ்சியும் ஆறு தேசிக்காய்களின் சாறும் சேர்த்து, மொத்தம் 5 லீற்றர் வரும்படி தண்ணீர் விட்டு, பாண் போடும் மதுவத்தை (ஈஸ்ட்) தூவி வைத்தேன். வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றுப்பூட்டு இரண்டு நாள் ஓயாமல் குமிழிவிட்டது. நான்காம் நாள் அடங்கிவிட்டது. சுவைத்தால் பாகுபோல் இனிக்கிறது. நீரடர்த்திமானி (தண்ணீரில் 1.000 காட்டும், சீனி கூடினால் ஏறும்) தொடக்கத்தில் 1.115 காட்டியது, இன்று 1.080. நொதித்தல் முடிந்துவிட்டதா? இப்படியே போத்தலில் அடைத்து நத்தாருக்கு வைக்கலாம் என்கிறார் நண்பர் ஒருவர்.

பதில் 1:
முடியவில்லை, இடையில் நின்றிருக்கிறது. உங்கள் இரு அளவீடுகளின்படி இதுவரை 4.6 சதவீதம் அளவுக்கே மதுசாரம் உண்டாகியிருக்கிறது. லீற்றருக்கு ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால் 1 சதவீத மதுசாரம் வரும். நீங்கள் லீற்றருக்கு 300 கிராம் போட்டிருப்பதால், அதை முழுவதும் முடிக்க மதுவம் 17 சதவீதத்தையும் தாண்டியாக வேண்டும், பாண் மதுவத்துக்கோ 12 சதவீதத்துக்கு மேல் போவதே பெரும்பாடு. அத்துடன் அவ்வளவு அடர்ந்த கரைசல் தொடக்கத்திலேயே மதுவத்தின் நீரை உறிஞ்சி அதைச் சோரவைத்துவிடுகிறது.

ஆனால் இங்கே பெரிய குறை பட்டினி என்றுதான் நினைக்கிறேன். திராட்சைச் சாற்றில் மதுவத்துக்கு வேண்டிய நைதரசனும் உயிர்ச்சத்தும் இருக்கின்றன. வெள்ளைச் சீனியில் சீனியைத் தவிர எதுவும் இல்லை. ஆறு தேசிக்காயின் புளிப்பும் மதுவம் தானே வெளிவிடும் அமிலமும் சேர்ந்து கரைசலைக் கடும் புளிப்பாக்கியிருக்கும். குளிர்கால நிலவறையின் குளிர் வேறு.

இரண்டரை லீற்றர் தண்ணீர் கூட்டுங்கள், அளவீடு 1.053 அளவுக்கு இறங்கும். ஒரு மேசைக்கரண்டி மதுவத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொன்று ஊற்றுங்கள். செத்த மதுவமே உயிருள்ளதற்கு உணவு. புதிய மதுவத்தை இளஞ்சூட்டு நீரில் எழுப்பி, நின்றுபோன கரைசலை அதில் கரண்டி கரண்டியாகச் சேர்த்துப் பழக்கி, நுரைத்த பிறகே பெரிய கலனில் விடுங்கள். புளிப்பைக் குறைக்க உணவுத் தரக் கல்சியம் காபனேற்றை அரைத் தேக்கரண்டி மட்டும் போடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கையில் எடுக்காதீர்கள்: பதநீர் கள்ளாகாமல் இருக்க முட்டியில் பூசுவது அதைத்தான். கலனை 20 பாகை செல்சியசுக்குக் குறையாத அறைக்கு மாற்றுங்கள்.

பதில் 2:
போத்தல் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். ஒரு கிராம் சீனி நொதித்தால் கால் லீற்றருக்கும் மேல் காபனீரொட்சைட்டு வரும். மூடிய ஒரு லீற்றர்ப் போத்தலில் 10 கிராம் சீனி மிஞ்சி நொதித்தாலே மூன்று லீற்றருக்குக் கிட்டிய வாயு அடைபடும். உங்களிடம் இருப்பது அதைவிடப் பல மடங்கு. எங்கள் வீட்டில் ஒரு முறை இஞ்சிப் பியர்ப் போத்தல் இரவு இரண்டு மணிக்கு வெடித்து, அலுமாரிக் கதவில் கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. பிள்ளைகள் அந்த அறையில் படுக்கவில்லை என்பதே என் ஆறுதல்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியே செய்தேன், ஒன்பதாம் நாள் 1.012, இன்னும் குமிழி வருகிறது. இதையே காய்ச்சி வடித்தால் என்ன என்று அதே நண்பர் இப்போது கேட்கிறார்.

பதில் 1:
கனடாவில் சொந்தப் பாவனைக்கு வைனும் பியரும் ஆக்கலாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பது குற்றம். சீனியை நொதிக்கவைத்தால் மெதனோல் என்ற நச்சு மதுசாரம் ஏறக்குறைய வராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது சாராயத்தில் கலக்கப்பட்டிருந்த மெதனோலால்தான். ஆனாலும் மதுசார ஆவி அடுப்புத் தீயைப் பற்றிக்கொள்ளும், நிலவறையில் ஓடித் தப்ப வழியும் குறைவு. அளவீடு ஒரு வாரம் அசையாமல் நின்ற பிறகு, தெளிந்ததை மட்டும் குழாயால் இறக்கிப் போத்தலில் அடையுங்கள். அடியிலுள்ள மண்டியைக் கலக்கிவிடாதீர்கள்.