உண்ணிக் கடி: மலையகத்தில் நாங்கள் பட்டதும் பார்த்ததும்

புசல்லாவையிலிருந்து:

போன தை மாதம் அம்மா ஆட்டுக்குப் புல் அறுக்க ஆற்றோரம் போய் வந்தார். அன்றிரவு முழங்காலுக்குப் பின்னால் எள்ளளவு உண்ணி ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் பிய்த்து எறிந்தார். பிறகு மறந்தே போனார். ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல். தலையைத் தூக்க முடியாத வலி, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் நோவு. டெங்கு என்று பயந்து இரத்தம் கொடுத்தோம். இல்லை என்று வந்தது. பனடோலும் கொத்தமல்லித் தண்ணீருமாக மேலும் இரண்டு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் இரவு கால் பிடித்துவிடும்போதுதான் பார்த்தேன்: உள்ளங்காலில் மிளகளவு சிவப்புப் புள்ளிகள். கையைத் திருப்பினேன், உள்ளங்கையிலும் இருந்தன.

வைத்தியர் அந்தக் கைகளைப் பார்த்தவுடன் கேட்டது, "புல்லுக்குப் போனீர்களா அம்மா?" என்றுதான். ரிக்கெட்சியா என்ற கிருமியால் வரும் புள்ளிக் காய்ச்சல் இது, உண்ணிதான் பரப்புகிறது. கண்டி, கம்பளை, நுவரெலியாப் பக்கங்களில் புதிதல்ல. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டொக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கினார். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அம்மா ரொட்டியும் சம்பலும் கேட்டார்.

உண்ணி கடித்ததை முதல் நாளே சொல்லாமல் விட்டோமே என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. புள்ளிகள் தெரிய நாலைந்து நாளாகும். அதுவரை வைத்தியருக்கு நம் வாய்ச்சொல்தான் துப்பு. தெள்ளுப் பூச்சியை விடச் சிறிய சிற்றுண்ணி கடித்துக் கறுத்த பொருக்கு விழும் காய்ச்சல் வேறு. அம்மாவுக்குக் கடித்த இடத்தில் தழும்புகூட இல்லை.

தலவாக்கலையிலிருந்து:

எங்கள் கதை பட்டியில் நடந்தது. கடன் வாங்கி வாங்கிய பிரீசியன் பசு தீனியைத் தொடவில்லை. சிறுநீர் சாயத் தேநீர் நிறத்தில் போனது. காது மடலுக்குப் பின்னாலும் மடியிடுக்கிலும் நீலச்சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை போல உண்ணிகள் தொங்கின. அது மாட்டுண்ணி. குஞ்சாக ஏறியது முதல் வயிறு புடைத்து விழும்வரை ஏறக்குறைய மூன்று கிழமை ஒரே மாட்டிலேயே கிடக்கும். விழுந்ததும் மண்ணில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது கொண்டுவந்த பபேசியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்ததால்தான் அந்த நிறம். கன்றுகள் ஓரளவு தாங்கும், வளர்ந்த வெளிநாட்டு இனம் தாங்காது என்றார் கால்நடை வைத்தியர். ஊசி போட்டுப் பசு பிழைத்தது. இப்போது தினமும் பால் கறக்கும் முன் மடியிடுக்கைத் தடவிப் பார்க்கிறேன். மாட்டில் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை, பட்டியைச் சுற்றியும் துப்புரவு வேண்டும்.

கம்பளையிலிருந்து:

நாயுண்ணியை எல்லோரும் அறிவோம்: செம்பழுப்பு நிறம், முதுகில் கோலம் ஏதுமில்லை. லயத்துச் சுவர் வெடிப்பில் பதுங்கும், எங்கள் நாய்க்கு எர்லிக்கியா நோயைக் கொடுத்ததும் அதுதான். மகளின் காதுக்குள் போனது வேறு. காட்டோரத்தில் விறகு பொறுக்கிய மறுநாள், காதுக்குள் ஏதோ சரசரவென்று ஊர்கிறது என்று அழுதாள். பக்கத்து வீட்டு அக்கா மண்ணெண்ணெயோடு வந்துவிட்டார். நல்ல மனசுதான், ஆனால் நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் காது மருத்துவர் விளக்குப் பிடித்து, மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தெடுத்தார். நம் நாட்டில் காதுக்குள் புகுபவை பெரும்பாலும் டெர்மசென்டர் இனத்தில் குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் உண்ணிகள்தான். வளர்ந்த பின் காட்டுப்பன்றியில் வாழும்.

எடுத்ததைச் சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார். மகள் வெளிச்சத்தில் பிடித்துக் கால்களை எண்ணினாள்: எட்டு. குஞ்சாக இருந்தால் ஆறுதான் இருக்கும் என்று மருத்துவர் சொன்னதும் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.