இது முட்டை வெள்ளைக்கரு பூசிய படமா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது இரண்டு பழைய படங்கள் கிடைத்தன.

முதல் படம் கெட்டி அட்டையில் ஒட்டிய மெல்லிய தாள். சுமார் 16.5 செ.மீ. உயரம், 11 செ.மீ. அகலம். தலைப்பாகை கட்டிய ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை வேட்டி வெளிர் மஞ்சளாகிவிட்டது. நகைக்கடை மாமாவின் லென்ஸை வைத்துப் பார்த்தால் படத்துக்குள்ளேயே தாளின் நார் தெரிகிறது, மேலே மயிரிழை போல விரிசல்கள். 1850களிலிருந்து 1890கள் வரை பரவலாக இருந்த ஆல்புமென் வகை, அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்த படம், என்று நினைக்கிறேன். மற்ற பழைய வகைகளிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? ஆல்புமென் என்றால் இவர் பாட்டியின் அப்பாவாக இருக்க முடியாது, பாட்டியின் தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் இதுதான் இப்போது சண்டை!

இரண்டாவது கறுப்பு வெள்ளை, சட்டம் போட்டது. சாய்த்துப் பார்த்தால் இருண்ட ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு. நார் தெரியவில்லை. ஜெலட்டின் (விலங்குகளிலிருந்து எடுக்கும் பசை) பூசிய படம், சந்தேகமில்லை. ஆனால் பினாங்கு ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. சட்டம் போடும் கடைக்காரர், "தண்ணீரில் ஊறப் போடுங்க, வந்துடும்" என்றார். ஜெலட்டின் தண்ணீரில் ஊதிக் குழையுமே, எனக்குத் துணிச்சல் இல்லை. கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இந்த மாதிரி படங்களைப் பழுதுபார்ப்பவர் யாரையாவது தெரியுமா? லென்ஸ் வழியாக எடுத்த படங்களைக் கீழே போடுகிறேன்.