புல்பப் ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப், எந்த மவுண்ட்? சேலம் பக்கம் யாராச்சும் சொல்லுங்க

அம்மாப்பேட்டை_177:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு .177 பிசிபி (அழுத்தமா காத்தடைச்சு சுடுறது) புல்பப் (டிரிக்கருக்குப் பின்னாடி மெஷின் இருக்குற குட்டை மாடல்) வாங்கினேன், 20 ஜூலுக்குள்ள வர்ற மாடல் தான், பில்லு ஐடி எல்லாம் சரியா இருக்கு. சுடுறது பூரா பேப்பர் டார்கெட் மட்டும் தான். அயோத்தியாப்பட்டணம் தாண்டி சித்தப்பா தென்னந்தோப்புல ஆள் உயரத்துக்கு ஒரு மண்ணு மேடு இருக்கு, அதுக்கு முன்னாடி அட்டை வெச்சு 10 மீட்டர், 25 மீட்டர்ல சுடுவேன். மாசம் ஒருக்கா ஏற்காட்டுல நாகலூர் பக்கம் மாமா எஸ்டேட்டுக்குப் போவேன், அங்க காப்பி காயப்போடுற களத்துல 35 மீட்டர் கிடைக்கும், பின்னாடி நல்ல மண் சரிவு.

பிரச்சனை என்னன்னா அப்பாவோட பழைய ஸ்பிரிங் கன்ல இருந்த 4×32 ஸ்கோப்ப (4 மடங்கு, 32 மில்லி முன் லென்ஸ்) கழட்டி இதுல மாட்டினேன். ஸ்கோப்ப துப்பாக்கி மேல இருக்குற ரெயில்ல புடிக்கிற ரிங் (மவுண்ட்) குட்டையா இருக்குறதால மேகசினே உள்ள போக மாட்டேங்குது, மேகசின் ரெயிலுக்கு மேல துருத்திட்டு நிக்குது. சரின்னு ஒவ்வொரு பெல்லட்டா போட்டு சுட்டா கழுத்த ஒடிச்சு கன்னத்த நசுக்குனா தான் கண்ணுக்குப் படமே தெரியுது, அதுவும் 10 மீட்டர்ல ஒரே மங்கல். அரை மணி நேரத்துல கழுத்து பிடிச்சுக்குது.

பட்ஜெட் ஸ்கோப், மவுண்ட், மத்த சாமான் எல்லாம் சேர்த்து 12 ஆயிரம். ரெட் டாட் (பெருசாக்காம ஒரு செவப்புப் புள்ளிய மட்டும் காட்டுற சைட்) போடலாமா ஸ்கோப்பே போடலாமா, பைபாட் (ரெண்டு கால் ஸ்டாண்ட்) வேணுமா, லேசர் டார்ச் எல்லாம் சேர்த்து ஒரு செட்டா ஆன்லைன்ல வருதே அத வாங்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கன்னங்குறிச்சிக்காரன்:

ப்ரோ, நானும் புல்பப் தான் மூணு வருஷமா வெச்சிருக்கேன், நீங்க சொன்ன கழுத்து வலி எனக்கும் இருந்துச்சு. ஒரே ஒரு விஷயம் மனசுல வைங்க, புல்பப்புக்கு முதல்ல மவுண்ட் உயரத்த முடிவு பண்ணணும், ஸ்கோப் அதுக்கு அப்புறம் தான். எல்லாரும் தலைகீழா பண்றோம்.

சாதா ரைஃபிள்ல கட்டை கீழ எறங்கி இருக்கும், கன்னம் அதுல படியும், கண்ணு பேரலுக்குக் கொஞ்சம் மேல நிக்கும். புல்பப்ல டிரிக்கருக்குப் பின்னாடி தான் மெஷினே இருக்கு, நீங்க கன்னம் வைக்கிறதே ரிசீவர் மேல, அப்ப கண்ணு எவ்ளோ மேல போயிரும்னு பாத்துக்கங்க. அதனால குட்டை ரிங் எந்தக் கம்பெனிது வாங்கினாலும் வேலைக்கு ஆகாது. மேகசின எடுத்துட்டு, உள்ள பெல்லட் இல்லைன்னு ரெண்டு தடவ பாத்துட்டு, கண்ண மூடி துப்பாக்கிய தோள்ல வெச்சு கன்னத்த உங்களுக்கு சொகமா படுற மாதிரி படிய வைங்க, அப்புறம் கண்ணத் தொறங்க, பக்கத்துல யாராச்சும் நின்னு ரெயில்லேர்ந்து கண்ணு மணி வரைக்கும் ஸ்கேல்ல அளக்கட்டும். அந்த நம்பர் தான் உங்க ஸ்கோப்போட நடு மையம் இருக்க வேண்டிய உயரம். அதே நேரத்துல ரெயில் ரெண்டு ஓரமும் சரிவா வெட்டின 11 மில்லி டவ்டெயிலா, குறுக்க வெட்டு வெட்டா இருக்குற பிக்காட்டினியான்னும் பாத்துருங்க, ஒண்ணோட மவுண்ட் இன்னொண்ணுல உக்காராது.

அடுத்து மங்கல். உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. ஃபோகஸ் மாத்த முடியாத ஸ்கோப்ல தூரத்த கம்பெனிலயே செட் பண்ணி அனுப்பிருவாங்க, பெரிய துப்பாக்கிக்குச் செய்யுறதுன்னா பெரும்பாலும் 100 கஜம். 10 மீட்டர்ல அது தெளிவா தெரியாது, அதோட கண்ணு கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக் கோடும் டார்கெட் மேல நகரும், அது தான் பாரலாக்ஸ். முன் லென்ஸ்லயோ பக்கத்துலயோ திருகி 10 மீட்டர் வரைக்கும் எறக்குற மாதிரி இருக்குற 3-9×40 ஏஓ இல்லைன்னா 4-12×40 ஏஓ வாங்குங்க, மில்டாட் (குறுக்குக் கோட்டுல சம இடைவெளில இருக்குற அளவுப் புள்ளிங்க) இருக்கணும். இதுல மட்டும் காசு பாக்காதீங்க. பிசிபிக்கு உதை கிடையாது, அதனால ரொம்ப விலை ஒசந்த ஸ்கோப் தேவையே இல்ல. ஸ்பிரிங் கன் தான் முன்னும் பின்னும் ரெண்டு பக்கமும் உதைச்சு ஸ்கோப்ப காலி பண்ணும்.

மில்டாட் ஏன்னு சொல்றேன். 8.44 கிரெய்ன் (அர கிராம் சொச்சம்) பெல்லட் செகண்டுக்கு 250 மீட்டர்ல போகுதுன்னு வைங்க, ஏறக்குறைய 17 ஜூல். ஸ்கோப் மையம் பேரலுக்கு மேல 75 மில்லில இருந்து 25 மீட்டருக்கு ஜீரோ பண்ணீங்கன்னா, அதாவது அங்க குறி வெச்ச எடத்துலயே பெல்லட் விழுற மாதிரி செட் பண்ணீங்கன்னா, 10 மீட்டர்ல பெல்லட் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் கீழ அடிக்கும். சாதா ரைஃபிள்ல 40 மில்லி உயரத்துல இது 1 சென்டிமீட்டர் தான். பயந்துராதீங்க, 10 மீட்டர்ல ஒரு மில் அப்டின்னா 1 சென்டிமீட்டர், அப்ப மூணு புள்ளி ஏத்திப் புடிச்சா முடிஞ்சுது, ஆனா அந்தப் புள்ளி எந்த ஜூம்ல சரியா இருக்கும்னு ஸ்கோப் பேப்பர்ல போட்டிருப்பாங்க, அதுலயே வெச்சு சுடுங்க. உயரத்தால ஒரு நல்லதும் இருக்கு, 20 மீட்டர்லேர்ந்து 35 வரைக்கும் 1 சென்டிமீட்டருக்குள்ளயே நிக்கும். உங்க களத்துக்கு அப்டியே பொருந்தும்.

ரெட் டாட் வேண்டாம் ப்ரோ. 4 எம்ஓஏ (ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு தான் ஒரு எம்ஓஏ) புள்ளி 25 மீட்டர்ல 29 மில்லி அகலம் மறைக்கும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்ல கருப்பு வட்டமே 30.5 மில்லி தான், நடு புள்ளி அர மில்லி. அந்த அட்டைய 25 மீட்டர்ல வெச்சா கருப்ப ஏறக்குறைய பூரா மறைச்சுட்டு எத குறி பாப்பீங்க?

கொண்டலாம்பட்டி_லேத்:

மேல சொன்ன அண்ணன் எல்லாம் கரெக்டா சொல்லிட்டாரு. நான் பண்ணின தப்ப மட்டும் சொல்றேன். உயரம் பத்தலைன்னு ஒரு பட்டறைல அலுமினியக் கட்டை குடுத்து ரைசர் (ரெயிலுக்கும் ரிங்குக்கும் நடுவுல வைக்கிற உயரக் கட்டை) அடிச்சேன், பாக்க சூப்பரா இருந்துச்சு. மாட்டி பாத்தா டவ்டெயில் ரெண்டு ஓரமும் நேர்கோட்டுல இல்ல, ஸ்கோப் மூக்கு எடது பக்கம் திரும்பி நிக்குது, விண்டேஜ் திருகு (குறிய எடது வலதா நகர்த்துறது) கடைசி வரைக்கும் போயும் பெல்லட் நடுவுக்கு வரல. ரெண்டு வாரம் பேரல் கோணல்னு நெனச்சு ராத்திரி தூக்கம் போச்சு. ரைசரும் ரிங்கும் தனித்தனியா அடுக்குறதவிட ஒரே துண்டா வர்ற ஹை மவுண்ட் வாங்குங்க, ஜாயிண்ட் எத்தனையோ அத்தனை எடத்துல லூஸ் ஆகும்.

மாட்டும்போது துப்பாக்கி லெவலா இருக்கணும். சின்ன ரசமட்டத்த ரெயில் மேல வெச்சு துப்பாக்கிய நேராக்கிட்டு, 10 மீட்டர் தள்ளி ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு அந்த நூலோட ஸ்கோப்போட நிக்கிற கோட்ட சேர்த்துருங்க. இதுல சோம்பேறித்தனம் பண்ணீங்கன்னா 25ல தெரியாது, 35க்கு மேல போனா பக்கவாட்டுல இழுக்கும், ஸ்கோப் ஒசர ஒசர இழுக்குறது ஜாஸ்தி. ரிங் ஸ்குரூவ குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, 2 நியூட்டன் மீட்டர் போதும். சக்தி காட்டி முறுக்கினா டியூப் நசுங்கிரும்.

ஓய்வு_ஹவில்தார்:

தம்பி, நான் சர்வீஸ்ல தூக்கினது இன்சாஸ் தான், புல்பப் இல்ல. ஆனா டாவோர் (இஸ்ரேல் புல்பப் ரைஃபிள்) வெச்சிருந்த ஆளுங்களோட ரேஞ்சுல நின்னிருக்கேன். அதுல ரெட் டாட் மாதிரி சைட் இருக்கே நமக்கு ஏன் கூடாதுன்னு தோணும், அதுக்காக சொல்றேன். புல்பப் நீளம் கம்மி, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல தூரம் பத்தாது, அதனால தான் ஆஸ்திரியாக்காரன் 1977ல ஸ்டெயர் ஆக் புல்பப்ப எடுத்தப்பவே 1.5 மடங்கு ஸ்கோப்ப கைப்பிடிலயே வெச்சுட்டான், இங்கிலாந்துக்காரன் எஸ்ஏ80 புல்பப்ல 4 மடங்கு சூசாட் ஸ்கோப் போட்டான். அது எல்லாம் வேகமா பாத்து மனுசன் அளவு டார்கெட்ட அடிக்கிறதுக்கு. நீ அர மில்லி புள்ளிய தேடுற ஆளு, உன் தேவை வேற.

லேசர், டார்ச் ரெண்டும் வாங்காத. பேப்பர் சுடுறவனுக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, முன்னாடி வெயிட் தான் ஏறும். புல்பப்போட அழகே வெயிட் பின்னாடி தோள்கிட்ட உக்காந்துருக்கிறது. முன்னாடி சைலன்சர் மாதிரி எதையும் மாட்டாத, அந்தப் பக்கமே போகாத. பைபாட் வேணும்னா ரெயில்ல மாட்டு, பேரல்ல கவ்வுற மாடல் வேண்டாம், ஒவ்வொரு தடவ கவ்வும்போதும் அடி விழுற எடம் மாறும். என்னைக் கேட்டா பழைய ஜீன்ஸ் கால வெட்டித் தெச்சு ஜவ்வரிசி ரொப்பு, சேலத்துல அதுக்கா பஞ்சம், மணல விட வெயிட் கம்மி, நல்லா பதிஞ்சு குடுக்கும். எண்ணெய் போடாம காய வெச்சு வெச்சுக்க.

ஏற்காடு_மிளகுக்கொடி:

நாகலூர் வர்றீங்கன்னு பாத்ததும் எழுதுறேன். கீழ சேலத்துல 200 பார் காத்து அடிச்சுட்டு மேல வந்து கேஜ பாத்தா 190 பக்கம் காட்டும், லீக்குன்னு பயந்து ஓரிங்க (காத்த அடைக்கிற ரப்பர் வளையத்த) கழட்டிராதீங்க, 35 டிகிரி வெயில்லேர்ந்து 18 டிகிரி குளிருக்கு வந்தா காத்து அழுத்தம் அவ்ளோ கொறையும், எறங்கினா திரும்ப ஏறிரும். அதே மாதிரி கீழ அடிக்கும்போது ஃபுல் லிமிட்டுக்கு அடிச்சுட்டு கார்ல வெயில்ல போட்டுராதீங்க. 1500 மீட்டர் உயரத்துல காத்து லேசுங்கிறதால அடி மாறுமான்னு கேப்பாங்க, 25 மீட்டருக்கு ஒரு மில்லி கூட மாறாது.

மேல உண்மையான எதிரி ஈரம் தான். பனி மூட்டத்துல சுட்டுட்டு அப்டியே பைக்குள்ள மூடி வெச்சா ஸ்கோப் லென்ஸ்ல பூஞ்சை புடிக்கும், என் கேமரா லென்ஸ் ஒண்ணு அப்டித்தான் போச்சு, தொடச்சாலும் போகல. காத்தாட வெச்சு ஈரம் போனதும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவுல வைங்க. நைட்ரஜன் ரொப்பின ஸ்கோப்பான்னு கேட்டு வாங்குங்க, உள்ள பனி கட்டாது.

இன்னொண்ணு, மனசு விட்டு சொல்றேன். எஸ்டேட் ஓரத்துல காட்டெருமை வரும், சில்வர் ஓக்ல பறவைங்க எத்தனையோ. கையில ரைஃபிளோட களத்த விட்டு வெளிய ஒரு அடி வைக்காதீங்க, ரிசர்வ் ஃபாரஸ்ட் பக்கத்துலயே இருக்கு, 1972 வனவிலங்கு சட்டத்துல ஏர் கன்னு தானேன்னு யாரும் விட மாட்டாங்க. லைசென்ஸ் வேண்டாத வகையும் .177, 20 ஜூல்ங்கிற அளவு வரைக்கும் தான், 2016 ஆயுத ரூல்ஸ். பவர் ஏத்தித் தர்றேன்னு யாராச்சும் சொன்னா கும்பிடு போட்டு வந்துருங்க.

அம்மாப்பேட்டை_177:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ வரும்னு நெனைக்கல. தங்கச்சிய விட்டு அளந்தாச்சு, மூணு தடவையும் ரெயில்லேர்ந்து கண்ணு மணிக்கு 52 மில்லி வந்துச்சு. ரெயில் பிக்காட்டினி. லேசர் செட்ட கார்ட்லேர்ந்து எடுத்துட்டேன். இப்ப கடைல ஹை, எக்ஸ்ட்ரா ஹைன்னு ஏதேதோ போட்டு மில்லி கணக்கு குடுத்துருக்காங்க, 52ன்னு போட்டத வாங்கிறலாமா?

கன்னங்குறிச்சிக்காரன்:

இருங்க இருங்க, வாங்கிராதீங்க. சில பேரு உயரத்த ரெயில்லேர்ந்து ஸ்கோப் டியூபோட அடிப்பாகம் வரைக்கும் சொல்லுவாங்க, சில பேரு டியூப் மையம் வரைக்கும் சொல்லுவாங்க. எந்தக் கணக்குன்னு கடைக்காரர் கிட்ட கேட்டுருங்க. மையக் கணக்குன்னா 52 சரி. அடிப்பாகக் கணக்குன்னா 1 இன்ச் டியூபுக்கு 12.7 கழிச்சு 39 பாருங்க, 30 மில்லி டியூபுக்கு 15 கழிச்சு 37. சரியான அளவு கிடைக்கலைன்னா ரெண்டு மில்லி கூட இருந்தா பரவாயில்ல, கம்மியா வேண்டாம், திரும்பக் கழுத்து புடிச்சுக்கும். மாட்டினதும் மேகசின ஏத்தி எறக்கி இடிக்காம வருதான்னு பாத்துட்டு ஸ்குரூவ டைட் பண்ணுங்க.