வந்து போகிற தன்னார்வலர், நம்மோடு நிற்கிற ஆளாக மாற என்ன வழி?

வணக்கம். வாரக்கடைசியில் இரண்டு மணி நேரம் வந்து, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குக் குறைவில்லை. அதில் அரை மணி வேலையை விளக்குவதிலேயே போகிறது. அடுத்த வாரம் புது முகம், மறுபடி அதே விளக்கம். மாலைப் பாடம் சொல்லித்தரும் இடத்தில் இது இன்னும் மோசம்: பிள்ளை பயம் தெளிந்து வாய்விட்டு வாசிக்கத் தொடங்கும்போது அக்கா மாறிவிடுகிறார்.

ஓரளவு பலன் தருவது இது: ஒரே கிழமை, ஒரே நேரம், குறைந்தது 3 மாதம். ஒரு வேலைக்கு இரண்டு பேர்; ஒருவர் வராவிட்டால் மற்றவர். எந்தப் பிள்ளை புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறது என்று எழுதும் நோட்டு அந்த இருவர் கையிலேயே இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் ‘யார் வரமுடியும்?’ என்று பொதுவாகக் கேட்டால் ஆள் வராது (கட்டைவிரல் மட்டும் வரும்). பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.

இடிப்பது ஒரு இடத்தில். புதிதாக வருபவருக்கு வேலை கொடுக்கிறோம், முடிவெடுக்க விடுவதில்லை. நாற்காலி அடுக்கிச் சலித்து நின்றுவிடுகிறார். சிறு செலவு, அட்டவணை போன்றவற்றை எத்தனையாவது வாரத்தில் ஒப்படைக்கிறீர்கள்? பயன்பெறும் குடும்பத்தாரையே பொறுப்பில் உட்காரவைத்தவர்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள்? பழைய ஆட்கள் முறைத்துக்கொண்டால் எப்படிச் சமாளித்தீர்கள்?