பழகிய நிர்ப்பீடனமா, பயின்ற நிர்ப்பீடனமா?

சேர், வணக்கம்.

ஒருமுறை தூண்டப்பட்ட நிர்ப்பீடனக் (நோயெதிர்ப்புக்) கலங்கள் அடுத்த தடவை வேறு கிருமிக்கும் வலுவாக எதிர்வினை காட்டுவதை ஆங்கிலத்தில் "trained immunity" என்கிறார்கள். அதற்கு நீங்கள் சொன்ன "பழகிய நிர்ப்பீடனம்" காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்கள் "கை பழகிருச்சு" என்பதும் திறமையைத்தான். ஆனால் நுவரெலியாக் குளிரும் நமக்குப் பழகிப்போகிறதே! அந்தப் பொருள்தான் இடிக்கிறது. பற்றீரியாவின் நச்சைத் திரும்பத் திரும்பச் சந்தித்த வெண்குழியம் மந்தமாகிப்போவதும் உண்டு; அது நம் விடயத்துக்கு நேரெதிர். "பழகிய" என்பதை அதற்கே விட்டுவிடுவோம்.

நாம் பெயர் தேடுவது, நெதர்லாந்தில் மிஹாய் நெட்டேயா குழுவினர் 2011இல் பெயர்சூட்டிய நிகழ்வுக்கு. காசநோய்த் தடுப்பூசியான பீ.சீ.ஜீ. ஏற்றியவர்களின் ஒற்றைக்குழியங்கள் என்னும் வெண்குழியங்கள், காசநோயோடு சம்பந்தமே இல்லாத கிருமியைக் கண்டாலும் முன்னைவிட அதிகமாகச் சைற்றோகைன் என்னும் சைகைப் புரதங்களைச் சுரந்தன, மூன்று மாதம் கழித்தும். குருதியில் ஒற்றைக்குழியம் வாழ்வதோ சில நாட்கள்தான். பிறகெப்படி? குருதிக்கலங்களை உண்டாக்கும் என்பு மச்சை மூலக்கலங்களிலேயே மாற்றம் பதிகிறது என்று 2018இல் எலிகளில் காட்டினார்கள். அங்கிருந்து வரும் புதுக்கலம் பயின்றே வருகிறது. ஆகவே என் வாக்கு "பயின்ற நிர்ப்பீடன"த்துக்கு. "பயிற்றப்பட்ட" வேண்டாம், வாய்க்குள் நுழையாது. "நினைவு" என்ற சொல், குறித்த ஒரு கிருமியை நினைவில் வைக்கும் ரீ, பீ கலங்களுக்கே இருக்கட்டும்.

கலத்தில் பதியும் அந்த மாற்றத்துக்கு "மறுநிரலாக்கம்" (reprogramming) என்ற பெயர் மட்டும் வேண்டவே வேண்டாம். தோட்ட லயத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய், "ஊசி பரம்பரையலகையே மாத்திடுமாமே?" என்று மிட்வைஃபிடம் கேட்டால், இந்தச் சொல்லே ஆமாம் போட்டுவிடும். டீ.என்.ஏ.யில் ஓரெழுத்தும் மாறுவதில்லை. அது சுற்றிக்கிடக்கும் ஹிஸ்ரோன் புரதங்களில் மெதைல், அசற்றைல் கூட்டங்கள் குறிகளாக வந்து ஒட்டுகின்றன. H3 என்னும் ஹிஸ்ரோனின் நான்காம் இடத்திலுள்ள லைசீன் என்னும் அமினோவமிலத்தில் மூன்று மெதைல் சேர்வது அதிலொன்று. இக்குறிகள் உள்ள இடத்தில் இறுக்கம் தளர்ந்து, அழற்சிக்கான பரம்பரையலகுகள் அடுத்த தடவை சட்டென்று வாசிக்கப்படும். இதற்குக் "குறியேற்றம்" போதாதா?

பெற்றோருக்கான கையேட்டில் இப்படிப் போடலாம்: "தடுப்பூசியால் பரம்பரையலகு மாறுவதில்லை, அது எவ்வளவு விரைவாக வேலைசெய்யும் என்பதே மாறுகிறது." இதற்குமேல், பீ.சீ.ஜீ. எல்லா நோயையும் தடுக்கும் என்கிற தொனி வந்துவிடக்கூடாது. பிறந்ததும் நம் பிள்ளைகளுக்கு அதைப் போடுவது காசநோய்க்காகத்தான்.

இரசாயனம் படிப்பிப்பவர்கள் ஒன்று சொல்லவேண்டும். "ஏற்றம்" என்றதும் பிள்ளைகள் மின்னேற்றத்துக்குப் போய்விடுவார்களோ? அப்படியென்றால் "குறிபொறித்தல்" என்று வைத்துக்கொள்வோம்.