மறு: மண்டல விதிகள் பாடம் – வணிக வாகன ‘அக்சஸ்’ தமிழில்?

அன்புள்ள குழுவினருக்கு,

நகரமைப்பு மாணவர்களுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நிலத்தைக் குடியிருப்பு, வணிகம் என்று பயன்வாரியாகப் பிரிக்கும் மண்டல விதிகள் பாடம் மட்டும், ‘அக்சஸ்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் முடிவாகாமல் நிற்கிறது.

> ‘வணிக வாகன அணுகல்’ போதும், எல்லோருக்கும் புரியும்.

புரியாது என்பதுதான் என் கவலை. சரக்கு லாரி ஒரு தெருவில் எந்த நேரத்தில் ஓடலாம் என்பது ஒன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அதைக் கட்டுப்படுத்த அதிகாரம் தருகிறது. மூலைமனையில் எழும் கடைக்குள் வண்டி நுழைவது பெரிய சாலை வழியாகவா, பக்கத்துக் குடியிருப்புத் தெரு வழியாகவா என்பது வேறு. அது திட்ட அனுமதியின்போது பார்க்கவேண்டியது. இரண்டும் ‘அணுகல்’ என்றால் தெருக்காரர் எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பார்? முன்னது ‘வண்டித்தடை’, பின்னது ‘வண்டிவாயில்’ என்கிறேன்.

> வாயில் என்பது ‘இல்வாய்’ முன்பின்னாக மாறிய இலக்கணப்போலி. இல் இல்லாத கிடங்குக்கு வாயில் ஏது?

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் கோட்டைக்கும் வாயில் என்றுதானே சொன்னோம்? ஆலைக்கு நுழைவாயில் என்று எழுதுவதை யாரும் தவறென்பதில்லை.

> மண்டலம் வடசொல். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் போலப் ‘பாக்கம்’ எனலாம்.

எனக்கும் ஆசைதான். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் இந்த இரண்டு பாக்கங்களுக்கும் இடைநிலத்தில் நாளங்காடி என்ற பகல் சந்தை. படிக்கும்போதெல்லாம் வரைபடம் போட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் அரசவீதி இருந்த பட்டினப்பாக்கத்துக்குள்ளேயே பீடிகைத் தெருவையும் இளங்கோ வைக்கிறார். கடைத்தெருவும் வீடுகளும் அன்றைக்கே கலந்துதான் இருந்தன. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டமும் (2008) குடியிருப்பை முதன்மை, கலப்பு என்று பிரித்தே வைத்தது. அப்புறம், சென்னை மாணவரிடம் பாக்கம் என்றால் நுங்கம்பாக்கம்தான் நினைவுக்கு வரும்.

மண்டலத்திலும் குழப்பம் உண்டு, மாநகராட்சி மண்டலம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் ‘நிலப்பயன் மண்டலம்’. கொழும்பு நண்பரின் ‘வலயம்’ அங்கே பழகிய சொல், அடைப்புக்குள் சேர்த்துவிடுகிறேன்.

‘வண்டிவாயில்’ பெரும்பாலோருக்குச் சம்மதம், சிலருக்கு அலுத்துப்போன சம்மதம். காலை மாலை மட்டும் நிறுத்துவதைத் ‘தடை’ என்பது மிகை என்று அம்மையார் எழுதியதில் நியாயம் இருக்கிறது. ‘வண்டி வரம்பு’ என்றால் ஒத்துக்கொள்வீர்களா அம்மா? ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.