தார்க் களிம்புக்குப் பின் வரும் எரிச்சல்: நோயா, மருந்தா?

கேள்வி (கோத்தகிரி):
தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் என் அம்மாவுக்குப் பின்னங்கழுத்திலும் முன்கையிலும் சொரியாசிஸ் உள்ளது. மருத்துவர் தந்த நிலக்கரித் தார்க் களிம்பைத் தடவத் தொடங்கியபின், படையைச் சுற்றியுள்ள நல்ல தோலும் சிவந்து எரிகிறது; மயிர்க்கால்களில் சிறு கொப்புளங்களும் காண்கின்றன. நோய் பரவுகிறதா?

குன்னூரிலிருந்து:
மருந்தின் விளைவாகவே இருக்கக்கூடும். தார், தோலை வெயிலில் எளிதில் கன்றிப்போகச் செய்யும். மயிர்க்கால் அழற்சியும் அதற்கு வழக்கமானதே. குளிர் காரணமாக நம் மலையில் வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை என்றாலும், உயரம் 1000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர்களின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. களிம்பைக் கழுவிய பின்னும் 24 மணி நேரமாவது அவ்விடம் துணியால் மூடியிருக்க வேண்டும். மருத்துவரிடம் காட்டும்வரை தடவுவதை நிறுத்திவைக்கலாம். அதற்கு மாற்றாகக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்க வேண்டாம். நெடுநாள் தடவினால் தோல் மெலியும், திடீரென நிறுத்தினால் படை முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும்.

உதகையிலிருந்து:
அம்மா மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் உட்கொள்கிறாரா? சொரியாசிஸுக்கு அது வாரம் ஒருமுறை மட்டுமே தரப்படுவது. தவறுதலாக நாள்தோறும் விழுங்கி, வாய்ப்புண்ணோ படைகளின் மேல் புண்ணோ தோன்றினால், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேட்டவர்:
மாத்திரை இல்லை, களிம்பு மட்டுமே. காலையில் தடவிக்கொண்டுதான் தோட்டத்துக்குச் செல்கிறார்.